ஜான்சன் கோடா, மெக்டொனால்ட் கோடா?

லடாக்கின் கிழக்கே, இந்தியா உரிமை கோரும், சீனா வைத்திருக்கும் உயர்வெளிதான் அக்சாய் சின். அந்தத் தகராறு புரியவேண்டுமானால், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன இரண்டு கோடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதலாவது, 1865-இல் நில அளவையாளர் டபிள்யூ. எச். ஜான்சன் போட்டது. இன்றைய சீனாவின் சின்ஜியாங்கிலுள்ள கோத்தான் நகர் வரை போய் வந்தவர், அக்சாய் சின்னுக்கு வடக்கேயுள்ள குன்லுன் மலைவரை காஷ்மீர் மகாராஜாவுக்கே என்று வரைந்துவிட்டார். புல்கூட முளைக்காத அந்த உப்புவெளி முழுவதும் நம் பக்கம். அளவையில் பிழைகள் உண்டு என்ற முணுமுணுப்பு அப்போதே இருந்தது. அப்புறம் அவர் மகாராஜாவிடமே வேலைக்குச் சேர்ந்தார். அதையும் சேர்த்தே நான் பார்ப்பேன்.

இரண்டாவது, 1899-இல் பீக்கிங்கிலிருந்த பிரிட்டிஷ் தூதர் மெக்டொனால்ட் சீனாவுக்கு அனுப்பியது. அக்சாய் சின்னில் பெரும்பகுதி அவர்களுக்கு. அதன் தெற்கேயுள்ள லிங்சி தாங் சமவெளி நமக்கு. மலை, நீர்ப்பிரிவுப்படி பார்த்தால் இதுதான் ஓரளவு பொருத்தம். சரி, ஆனால் சீனா பதிலே போடவில்லையே!

இந்தியா 1954 வரைபடத்தில் ஜான்சன் கோட்டை ஒட்டியே எல்லையை உறுதியாக்கியது. சீனாவோ 1957-இல் அக்சாய் சின் வழியே சுமார் 180 கி.மீ. சாலையை முடித்திருந்தது. 1962 போருக்குப் பின் லிங்சி தாங்கும் சீனாவிடமே இருக்கிறது.