மூன்று வருடமாக மாறாத அந்த 1.4

கப்பலூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் நேற்று ராத்திரி கூப்பிட்டான். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற கேஸ் வேகக் கணக்கு ஆப் விலையைப் பாதியாக் குறைச்சிட்டாங்க. வாங்கவா?" போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சுத்திகரிப்பு ஆலை பைப்பிங் வேலைக்கு மூன்று வருடமாக எனக்கு இதுதான் துணை. நெட் இல்லாமல் ஓடும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர் தாண்டுவதற்குள் ஒரு ஃபிளேர் ஹெடரை (வேண்டாத கேஸை எரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய்) பார்த்து முடித்திருக்கிறேன். அதைவிட முக்கியம், குழாயின் கடைசி முனையில் வேகத்தைக் கணக்கிடுகிறது. அழுத்தம் இறங்க இறங்க கேஸ் விரியும், முனையில்தான் வேகம் உச்சத்துக்குப் போகும். நான் பார்த்த பல எக்செல் ஷீட்டுகள் ஆரம்ப அழுத்தத்தோடு நின்றுவிடுகின்றன.

ஆனால் அந்தக் காமா பெட்டி! காமா என்பது ஒலிவேகக் கணக்கில் வரும், கேஸுக்குக் கேஸ் மாறும் வெப்ப விகித எண். ஆப்பை மூடித் திறந்தால் மூலக்கூறு எடை, வெப்பநிலை எல்லாம் போன தடவை போட்டபடியே இருக்கும். காமா மட்டும் 1.4-க்குத் திரும்பிவிடும். அது காற்றுக்கான எண். சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து வேறு. மற்றதெல்லாம் சரியாக இருப்பதால் கண் அங்கே நிற்பதில்லை.

போன மாதம் புரொப்பேன் லைன், 40 டிகிரி. வேகம் நொடிக்கு 135 மீட்டர், எங்களுக்குக் கொடுத்த வரம்பு மாக் 0.5, அதாவது அந்தக் கேஸில் ஒலிவேகத்தில் பாதி. ஆப் ஒலிவேகம் 287 என்றது, மாக் 0.47, பாஸ். ராத்திரி மனசு கேட்காமல் நோட்டில் போட்டுப் பார்த்தேன். புரொப்பேனுக்குக் காமா 1.13, ஒலிவேகம் 258, மாக் 0.52. குழாயை ஒரு சைஸ் கூட்ட வேண்டியதாயிற்று.

காமாவைச் சரியாகப் போட்டு, கெல்வினில் 313-க்குப் பதில் 40 என்று போட்டால் ஒலிவேகம் 92 என்று வரும், யாரும் உடனே பிடித்துவிடுவார்கள். இந்தக் காமா பெட்டியோ நம்பும்படியான எண்ணைக் காட்டி, ஆபத்தான பக்கமாகத் தள்ளுகிறது. ஹைட்ரஜன், நைட்ரஜன் லைன் பார்ப்பவர்களுக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. அவற்றுக்கும் காமா 1.4 பக்கம்தான். ஆப் செய்தவர்களுக்கு இரண்டு முறை எழுதிப் போட்டேன். அப்புறம் வந்த அப்டேட்டில் பட்டன் நிறம் மாறியது, பெட்டி மாறவில்லை.

சரி தம்பி, வாங்காதே. உன் வேலை முழுக்க எல்பிஜி, அதாவது புரொப்பேன் மாதிரி கேஸ். ஒலிவேகத்துக்குச் சாதாரண கால்குலேட்டர் போதும். காமாவைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கு, மூலக்கூறு எடையால் வகு, வர்க்கமூலம் எடுத்து 91.2-ஆல் பெருக்கு. நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். முனை அழுத்தம் வேண்டுமென்றால் எனக்கு அனுப்பு, என் போனில் போட்டுச் சொல்கிறேன். காமாவை மறக்காமல் எழுதி அனுப்பு.