மார்லின் 336, வின்செஸ்டர் 94: பழைய லீவர் ரைபிளில் எதை எடுக்கலாம்?

மான் வேட்டைக்கு ஒரு பழைய லீவர் ஆக்‌ஷன் ரைபிள் வாங்க வேண்டும் என்று இறங்கி, மூன்று மாதம் அலைந்து, கடைசியில் 1978-இல் செய்த மார்லின் 336 ஒன்றை எடுத்தேன். லீவர் ரைபிள் என்றால் விசைக்கு அடியில் இருக்கும் கைப்பிடியை (லீவர்) இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றுவது. காலிபர், அதாவது தோட்டா வகை, .30-30. அமெரிக்காவில் பழைய லீவர் ரைபிள் தேடுகிற யாரும் முதலில் வந்து நிற்கிற இடம் இந்த ரைபிளுக்கும் வின்செஸ்டர் 94-க்கும் நடுவில்தான். நான் மார்லின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் காட்டில் நடப்பவருக்கு வின்செஸ்டர்தான் சுகம். ஜான் பிரௌனிங் வடிவமைத்தது; ஒல்லியானது; ரிசீவருக்குக் (இயக்கம் அடங்கிய நடு உடல்) கீழே ஒரு கையால் பிடித்தால் தட்டையாக உள்ளங்கையில் உட்காரும். மார்லின் அதைவிடக் கொஞ்சம் கனம், கொஞ்சம் பருமன். ஸ்கோப் பொருத்துவதில் மார்லின் முந்துகிறது. அதன் மேல்பகுதி மூடியது, சுட்ட தோட்டாவின் வெற்று உறை பக்கவாட்டில் போகும். 1980-களுக்கு முந்தைய வின்செஸ்டர் 94 உறையை நேர் மேலே துப்பும். ஸ்கோப்பை நடுவில் வைக்க முடியாது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: குழலை எந்தப் பக்கத்திலிருந்து துடைக்க முடியும் என்பது.

மார்லின் 336-இல் லீவரைப் பாதி திறந்து, ஒரே ஒரு திருகைக் கழற்றினால் லீவர் கையோடு வந்துவிடும். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைப் பின்னால் இழுத்தால் அதுவும் வெளியே வரும். உள்ளே இருக்கும் எஜெக்டர் (உறையை வெளியே தள்ளும் சிறு துண்டு) கழன்று விழும், அதைத் தொலைக்காமல் எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது குழலின் பின்பக்கம் திறந்து கிடக்கிறது. கிளீனிங் ராடைப் பின்னாலிருந்து விடலாம். இரண்டு நிமிட வேலை.

வின்செஸ்டர் 94-இல் போல்ட்டை எடுக்க வேண்டுமென்றால் லிங்க், லீவர், பூட்டுக்கட்டை என்று வரிசையாகப் பின்களைத் தட்டி இறக்க வேண்டும். வேட்டை முடிந்து மழையில் நனைந்து வந்த இரவில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். அதனால் தலைமுறை தலைமுறையாக அந்த ரைபிள்களை முன்பக்கத்திலிருந்தே துடைத்திருக்கிறார்கள். இரும்பு ராடு குழல்வாயின் விளிம்பில் உரசி உரசி, குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடத்தை ஒரு பக்கமாகத் தேய்த்துவிடும். குண்டு வெளியேறும்போது வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விலகாது, குறி சிதறும். கூடவே ராடு தள்ளுகிற அழுக்கும் கரைப்பானும் நேராக ரிசீவருக்குள் போய்ச் சேரும்.

நான் முதலில் பார்த்த வின்செஸ்டர் அப்படித்தான் இருந்தது. மரம் அழகு, நீலப்பூச்சு அழகு, 1950-களின் ரைபிள். குழல்வாயை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தபோது அதன் விளிம்பு சரியான வட்டமாக இல்லை. பழைய உரிமையாளர் அதைப் பொக்கிஷமாகக் காத்திருக்கிறார். காத்த விதமே அதைக் கெடுத்திருக்கிறது. மனசு கேட்காமல்தான் திருப்பிக் கொடுத்தேன்.

சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வழியாகக் கயிற்றை விட்டு இழுத்துத் துடைக்கலாமே என்று கேட்பார்கள். செய்யலாம், நல்ல வழிதான். ஆனால் செம்புப் படிவைத் தேய்த்து எடுக்க ராடுதான் சரி. தவிர, ஏற்கெனவே தேய்ந்துபோனதைக் கயிறு சரிசெய்யாது. வாங்கும்போதும் இதே வசதி மார்லினுக்கு உண்டு: விற்பவரிடம் கேட்டு போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராகப் பார்த்துவிடலாம்.

மார்லினுக்கும் ஒரு நோய் உண்டு. லீவரின் கூரான விளிம்பு, தோட்டாவை மேலே தூக்கும் கேரியரின் அடியில் பள்ளம் பறிக்கும். நாளடைவில் இரண்டாவது தோட்டா நழுவி வந்து மொத்த இயக்கமும் இறுகிவிடும். ‘மார்லின் ஜாம்’ என்றே இதற்குப் பெயர். லீவர் கழன்றிருக்கும்போதே கேரியரின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஆண்டு. 2007 கடைசியில் ரெமிங்டன் மார்லினை வாங்கி, பிறகு தயாரிப்பை நியூயார்க் மாநிலத்தின் இலியனுக்கு மாற்றியது. அங்கிருந்து முதலில் வந்தவற்றின் பணிநேர்த்தி குறைவு என்ற பேச்சு பரவலானது; வரிசை எண் MR என்று தொடங்கினால் அந்தக் காலத்தது. 2020-இல் மார்லின் ரூகர் நிறுவனத்திடம் போனது. ரூகர் செய்தவற்றின் எண் RM என்று தொடங்கும். 1970-களின் பிற்பகுதி எண்களில் முதல் இரண்டு இலக்கத்தை 2000-இலிருந்து கழித்தால் செய்த ஆண்டு கிடைக்கும். என்னுடையது 22.

காலிபர் விஷயத்தில் நான் அதிகம் குழம்பவில்லை. .30-30 வந்தது 1895-இல். 150 அல்லது 170 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு, 150 கஜத்துக்குள் நிற்கிற மானுக்குத் தாராளம், தோளையும் படுத்தாது. தோட்டா பெரும்பாலான கடைகளில் இருக்கும். குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனை முன்னால் இருப்பதை வெடிக்க வைத்துவிடலாம்; அதனால் தட்டை முனைக் குண்டோ, அதற்கென்றே வரும் மென்முனைக் குண்டோதான் போட வேண்டும். .35 ரெமிங்டனின் 200 கிரெயின் குண்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தோட்டாவைத் தேடி அலைய வேண்டியிருக்கிறதே என்றுதான் விட்டேன். .45-70-ஐ ஒரு பெட்டி மட்டும் சுட்டிருக்கிறேன். உதை பலமாக இருந்தது, அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஆனால் ஒஹையோவில் மான் வேட்டைக்கு நேர்ச்சுவர் உறை கொண்ட தோட்டாதான் செல்லும். கழுத்து ஒடுங்கிய .30-30 அங்கே ஆகாது, .45-70 ஆகும். உங்கள் மாநில விதியைப் பார்த்த பிறகே காலிபரை முடிவு செய்யுங்கள்.

சாவேஜ் 99-ஐயும் சிலர் சொல்வார்கள். சுழல் மேகசின் இருப்பதால் கூர்முனைக் குண்டு போடலாம், .300 சாவேஜ், .308 எல்லாம் கிடைக்கும். நண்பருடையதை இரண்டு நாள் மட்டும் கையாண்டிருக்கிறேன். இயக்கம் வெண்ணெய் மாதிரி இருந்தது. நீண்டகாலப் பராமரிப்பு எப்படி என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

கடைக்குப் போகும்போது சரியான அளவுள்ள ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போங்கள். மார்லினின் லீவர் திருகில் பள்ளம் சிதைந்திருந்தால் யாரோ அவசரத்தில் பொருந்தாத கருவியால் திருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் கேரியரையும் குழல்வாயையும் இன்னொரு முறை பாருங்கள்.