ஊரில் வாடகைக்கு ஒரு அரை சைஸ் வயலின்

டிசம்பரில் மெல்போர்ன் பள்ளிகள் அடைத்ததும் ஐந்து வாரம் ஊருக்குப் போவது என்று முடிவானது. மகளுக்கு ஒன்பது வயது. வயலின் தொடங்கி ஒன்றரை வருடமாகிறது. கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடங்களில் ஜண்டை வரிசை முடித்து அலங்காரத்தில் நிற்கிறாள். ஐந்து வாரம் வில்லைத் தொடாவிட்டால் கை மறந்துவிடும் என்று அவளுடைய டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே அவள் வாசிப்பது மாத வாடகைக்கு எடுத்த அரை சைஸ் வயலின். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சரி, ஊரிலும் ஒன்று வாடகைக்கு எடுத்துக்கொள்வோம் என்று கிளம்பிவிட்டோம்.

எங்கள் வீடு இராமேஸ்வரம் போகிற வழியிலுள்ள மண்டபம் என்ற ஊரில், வடகடல் பக்கம். கடற்கரைக்கு நடந்தால் ஐந்து நிமிடம். மதுரையில் விமானம் இறங்கி வருகிற வழியிலேயே காரியத்தை முடித்துவிடலாம் என்று ஒரு வாத்தியக் கடையில் முன்கூட்டியே போன் செய்து சொல்லி வைத்திருந்தேன். வாடகைக்குக் கொடுப்போம், ஆனால் அரை சைஸ் இல்லை, முக்கால்தான் இருக்கிறது, வளர்கிற பிள்ளைதானே என்றார்கள். பயணக் களைப்பில் நானும் தலையாட்டிவிட்டேன். மாதம் 1500 ரூபாய், அட்வான்ஸ் 5000. ரசீது கேட்டதற்கு ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்கள்.

நான்காம் நாளே மகள் இடது தோள்பட்டை வலிக்கிறது என்றாள். சுண்டுவிரல் பஞ்சமத்துக்கு, அதாவது ‘பா’ ஸ்வரத்துக்கு, எட்டவே இல்லை. எட்டுவதற்காக மணிக்கட்டை வளைத்து வளைத்து வைத்திருக்கிறாள். குழந்தை வயலினில் சைஸ் என்பது சட்டை மாதிரி இல்லை. பெரிதாக வாங்கி மடித்துத் தைத்துக்கொள்ள முடியாது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, அடியில் கீறல் இருக்கிறது என்று அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் வாங்கும்போதே இருந்தது. போட்டோ எடுத்து வைக்காதது என் தப்பு. ஆனாலும் குழந்தையை நிற்க வைத்துக்கொண்டு அப்படிப் பேசியிருக்க வேண்டாம். இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம் வழி காட்டியது என் அம்மா. பேத்தி சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் மூலம் இராமநாதபுரத்தில் ஒரு வயலின் வாத்தியாரின் நம்பர் கிடைத்தது. மறுநாள் காலை பஸ் ஏறி, அப்பத்தாவும் பேத்தியும் நானுமாகப் போனோம்.

வாத்தியாருக்கு எழுபது வயதிருக்கும். சந்துக்குள் ஓட்டு வீடு. மர பீரோவைத் திறந்தால் உள்ளே வேட்டித் துணியில் சுற்றி நான்கு சின்ன வயலின்கள். வளர்ந்து பெரிய சைஸுக்குப் போன மாணவர்கள் விட்டுப்போனவை. அடுத்து வரும் பிள்ளைகளுக்கு அவற்றை வாடகைக்குக் கொடுக்கிறார். விலையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

“பாப்பா, கையை நீட்டு” என்றார்.

ஒரு வயலினைக் கழுத்தடியில் வைத்து, இடது கையை முழுக்க நீட்டி, அதன் தலையிலுள்ள சுருளை உள்ளங்கையால் பிடிக்கச் சொன்னார். முதல் வயலினில் விரல் நுனிதான் பட்டது. அடுத்ததில் முழங்கை லேசாக மடங்க, விரல்கள் சுருளைச் சுற்றி வசதியாக வளைந்தன. “இதுதான் உன்னோடது.” பிறகு பாயில் உட்கார வைத்து, சுருளை வலது பாதத்தில் ஊன்றச் சொல்லி மறுபடி பார்த்தார். மெல்போர்ன் கடையிலும் கை அளவு பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் நின்று வாசிப்பதற்குத்தான் பார்த்தார்கள். தரையில் உட்கார்ந்து வாசிக்கப்போகும் குழந்தையை உட்கார வைத்துப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

தந்திகளை எல்லாம் தளர்த்தி, இரண்டரைக் கட்டை சுருதியில் நான்கு தந்திகளையும் ஸா-பா-ஸா-பா என்று சுருதி கூட்டினார். கூட்டிக்கொண்டே மகளிடம் கதை சொன்னார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் இந்த வெள்ளைக்காரர் வாத்தியத்தைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர். அவர் வித்வானாக இருந்த எட்டயபுரம் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை என்றார். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரை இராமநாதபுரம் என்று ஊர்ப் பெயர் சேர்த்துத்தானே சொல்வார்கள் என்றும் கேட்டார். தன் அப்பா ஊரில் சங்கீதம் இருந்தது என்பதே மகளுக்குப் புதுச் செய்தி. வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாடகை மாதம் 500, அட்வான்ஸ் 2000. நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு, வயலினில் ஏற்கெனவே இருந்த மூன்று கீறல்களையும் தானே எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். மதுரையில் பட்டதற்கு அந்த நோட்டுப் பக்கம் ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

கிளம்பும்போது சொன்னதுதான் முக்கியம். “தம்பி, நீங்க இருக்கிறது வடகடல் ஓரம். மார்கழி வாடைக்காத்து உப்பையும் ஈரத்தையும் சேத்துக் கொண்டாரும். வாசிச்சதும் தந்தியை உலர்ந்த துணியால துடைங்க. வில்லைத் தளர்த்தி வைங்க. ஜன்னல் பக்கம் வேண்டாம், தரையிலயும் வேண்டாம், பீரோவுக்குள்ள வைங்க.” சொன்னபடியே செய்தோம். இருந்தும் தந்தியை முறுக்கும் பிருடை ஈரத்தில் ஊதி ஒரு நாள் அசையவே இல்லை. பத்தாம் நாள் வாசிக்கும்போது ‘கிர்ர்’ என்று ஓர் அதிர்வு கேட்டது. பார்த்தால், அடிப்பலகை பக்கப் பலகையோடு சேரும் இடத்தில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி.

பக்கத்தில் தச்சு வேலை செய்யும் தம்பியிடம் காட்டினேன். “அண்ணே, பெவிகால் போட்டா ஆயுசுக்கும் பிரியாது” என்றார். நல்ல வேளையாக வாத்தியாருக்கு ஒரு போன் போட்டேன். “அய்யோ, அது மட்டும் வேண்டாம்” என்றார். அன்றே பஸ் பிடித்தோம்.

வாத்தியார் விரல் கணுவால் விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். ஒட்டியிருந்த இடத்தில் சத்தம் கெட்டியாக வந்தது. விட்டிருந்த இடத்தில் ஓட்டைச் சத்தம். தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளக்கி, மெல்லிய கத்தி முனையால் இடைவெளிக்குள் விட்டு, கிளாம்பு போட்டு இறுக்கினார். வச்சிரம் சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும். பின்னால் உள்ளே பழுது பார்க்க வேண்டியிருந்தால் பலகையைச் சேதமில்லாமல் கழற்றலாம். பெவிகால் போட்டால் ஒட்டு விடாது, மரம்தான் பிளக்கும். மறுநாள் சாயங்காலம் போய் வாங்கிக்கொண்டோம். காசு வாங்க மறுத்துவிட்டார். ஈரத்தில் விட்டுப்போனது வாத்தியத்தின் குறை, வாடகைக்கு எடுத்தவர் குறை இல்லை என்றார்.

இந்தக் கரைப் பக்கம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: கிளம்பும் முன்பே, கழுத்திலிருந்து உள்ளங்கை நடு வரை குழந்தையின் கை அளவை டேப்பால் எடுத்து இங்குள்ள ஒரு வாத்தியாருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். பெரிய ஊர்க் கடையைவிட, கோயிலில் வாசிப்பவர்களைக் கேட்டால் சீக்கிரம் ஆள் கிடைக்கும். சின்ன சைஸ் தந்தி இங்கே எளிதில் கிடைக்கவில்லை, இரண்டு செட் கையோடு கொண்டுவாருங்கள்.

வயலினைத் திருப்பிக் கொடுத்த அன்று வாத்தியார் நோட்டைப் பிரித்து, மூன்று கீறல்களையும் மகளையே சரிபார்க்கச் சொன்னார். 2000 ரூபாயையும் முழுதாகத் தந்தார். போன மாதம் ஊருக்குப் போன நண்பரிடம் அரை சைஸ் தந்தி கொடுத்தனுப்பினேன். அந்த வயலின் இப்போது பக்கத்து ஊரான உச்சிப்புளியில் ஒரு பையனிடம் இருக்கிறதாம், முதல் பாடமான சரளி வரிசை ஆரம்பித்திருக்கிறானாம்.