பைத்தானின் சாக்கெட் மாட்யூல்: ஆறு வருடம் பழகிய பிறகு

சென்சார்கள் அனுப்பும் தகவலை வாங்கிச் சேமிக்கும் ஒரு சிறிய சர்வரை ஆறு வருடமாகப் பராமரிக்கிறேன். அதில் சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் ஒரு முனை) அமைப்புகளைப் படிப்பது, மாற்றுவது எல்லாம் பைத்தான் மொழியின் சாக்கெட் மாட்யூல் வழியாகத்தான்.

எனக்குப் பிடித்தது, அது எதையும் மறைப்பதில்லை. அமைப்பை மாற்றும் செட்சாக்ஆப்ட், படிக்கும் கெட்சாக்ஆப்ட் இரண்டும் சி மொழியில் உள்ள அதே பெயரில் இருக்கின்றன. சர்வரை நிறுத்திவிட்டு உடனே கிளப்பும்போது முகவரி பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை வந்தால், பைண்ட் செய்வதற்கு (சாக்கெட்டை முகவரியோடு இணைப்பதற்கு) முன், அதே முகவரியை மறுபடி பயன்படுத்த விடும் ரீயூஸ்அட்ரஸ் அமைப்பை 1 என்று வைத்தால் சரியாகிவிடும். பைண்டுக்கு அப்புறம் வைத்தால் பலனில்லை.

இணைப்பை மூடும்போது, இன்னும் போகாத தகவலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் லிங்கர்தான் என்னைப் படுத்தியது. அது இரண்டு முழு எண்கள் கொண்ட அமைப்பு. ஸ்ட்ரக்ட் மாட்யூலைக் கொண்டு நாமே பைட்டுகளாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். படிக்கும்போது நீளத்தைக் குறிப்பிட மறந்தால் ஒரே ஒரு எண்தான் வரும், பிழைச் செய்தியும் கிடையாது. ஒரு மாலை முழுக்க இதில் போனது. இதற்கென்று தனி வசதி தந்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

வரும் தகவலைத் தற்காலிகமாக வைக்கும் ரிசீவ் பஃபருக்கு 65536 பைட் கொடுத்துவிட்டுத் திரும்பப் படித்தால் லினக்ஸில் 131072 என்று காட்டும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தன் கணக்குக்காக இரட்டிப்பாக்குகிறது, பைத்தான் அதை அப்படியே சொல்கிறது. அந்த நேர்மை எனக்கு வேண்டும்.

சும்மா இருக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவை இயக்கினால் மட்டும் போதாது. லினக்ஸில் முதல் சோதனை 7200 விநாடி கழித்துத்தான் போகும். அந்த நேரத்தைக் குறிக்கும் கீப்ஐடிலை 60 ஆகக் குறைத்த பிறகுதான் இறந்துபோன இணைப்புகள் சீக்கிரம் தெரியவந்தன.