ரெசிடென்சி இல்லாமல் அமெரிக்க லைசென்ஸ் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்துவிட்டு அமெரிக்காவில் ரெசிடென்சி (லைசென்ஸுக்கு முன் மருத்துவமனையில் டாக்டர்கள் பெறும் சில வருடப் பயிற்சி) மேட்ச், அதாவது அந்தப் பயிற்சிக்கான இடம், கிடைக்காமல் தவிக்கும் டாக்டர்களை வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. "இனி ரெசிடென்சியே வேண்டாம், புதுச் சட்டம் வந்தாச்சு, மேற்பார்வையில் ரெண்டு வருஷம் வேலை பார்த்தா முழு லைசென்ஸ்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் போடுவார்கள். அப்படி ஒரு ஏஜென்சியிடம் 4,500 டாலர் கட்டி ஏமாந்தேன். புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, அதுதான் வம்பு. டென்னசி 2023ல் இப்படிச் சட்டம் போட்டது, ஃபுளோரிடா 2024ல் போட்டது, வர்ஜீனியா, டெக்சாஸ் என்று மற்ற மாநிலங்களும் பின்னால் வந்தன. சட்டத்தின் பக்கத்தையே அனுப்பி வைப்பார்கள், படித்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் லைசென்ஸ் போர்டு உங்களை ஏறெடுத்துப் பார்ப்பதே ஒரு தகுதியான இடம் உங்களை டாக்டராக வேலைக்கு எடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான். டென்னசியில் அந்த இடம் ஏசிஜிஎம்இ (ரெசிடென்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டம் நடத்துகிற இடமாக இருக்க வேண்டும். அதாவது பெரும்பாலும் பெரிய போதனா மருத்துவமனைகள். அங்கே ஆள் எடுப்பது அவர்கள் இஷ்டம், எந்த ஏஜென்சியும் அந்த வேலையை வாங்கி விற்க முடியாது.

எனக்கு வந்த ஆஃபர் லெட்டர் எதிலிருந்து தெரியுமா? ஒரு கடைத்தெரு வளாகத்தில் ரெண்டு டாக்டர் மட்டும் உட்காரும் கிளினிக். ரெசிடென்சி என்ற பேச்சே அங்கே கிடையாது. போர்டுக்கு எழுதிக் கேட்டேன், இந்த வேலை வழங்குநர் தகுதி பெறமாட்டார் என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது.

அதற்கு முன்பே இன்னொரு கூத்து நடந்திருந்தது. "மேற்பார்வை மணி நேரம் இப்பவே சேர ஆரம்பிக்கட்டும்" என்று அதே கிளினிக்குக்கு மாதாமாதம் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். டாக்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பது, சாயங்காலம் ஒரு லாக் புத்தகத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். அதற்குப் பெயர் அப்சர்வர்ஷிப். டென்னசியில் அந்த ரெண்டு வருடம் ஓட ஆரம்பிப்பதே தற்காலிக லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான், அதற்கு முன் சேர்த்த கையெழுத்து எதுவும் கணக்கில் வராது. லைசென்ஸ் இல்லாமல் நோயாளியை நீங்களே பார்த்து மருந்து எழுதினால் அது சட்டப்படி குற்றம், அதையும் சிலரைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

போனில் பேசியவர் நல்ல தமிழ். காசு கட்டும் வரை "அக்கா, நம்ம ஆளுங்க நாங்க, நீங்க கவலையே படாதீங்க" என்றார், ரீஃபண்ட் கேட்ட அன்று "மேடம், காண்ட்ராக்டைப் படிங்க" ஆகிவிட்டது.

தேர்வு எதுவும் வேண்டாம் என்றும் சொல்வார்கள். ஃபுளோரிடா சட்டம் ஈசிஎஃப்எம்ஜி (வெளிநாட்டில் படித்த டாக்டர்களைச் சரிபார்க்கும் அமைப்பு) சான்றிதழ் கேட்கிறது, அது வேண்டுமென்றால் யுஎஸ்எம்எல்இ என்ற அமெரிக்க லைசென்ஸ் தேர்வின் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சிகே, ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எல்லாம் எழுதித்தான் ஆக வேண்டும். அதோடு தன் நாட்டில் ரெசிடென்சிக்கு இணையான பயிற்சி முடித்திருக்க வேண்டும், கடந்த நான்கு வருடமாகத் தொழிலில் இருந்திருக்க வேண்டும். வெறும் எம்.பி.பி.எஸ்.ஸோடு வந்து சில வருடம் வீட்டில் இருந்துவிட்டவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. அவர்களிடமும் முழுக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள், இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஈசிஎஃப்எம்ஜி கணக்கின் பாஸ்வேர்டும் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் யாராவது பொய்த் தகவல் ஏற்றினால் முறைகேடு என்று உங்கள் கோப்பில்தான் ஏறும், அப்புறம் எந்த மாநிலத்துக்கு விண்ணப்பித்தாலும் அது கூடவே வரும்.

விசா பற்றி வாயே திறக்க மாட்டார்கள். மாநிலச் சட்டம் லைசென்ஸ் தரலாம், விசா தராது. இது பயிற்சி இல்லை, வேலை, அதனால் ஜே1 என்ற பயிற்சி விசா கிடைக்காது. எச்1பி என்ற வேலை விசா என்றால் நோயாளி பார்க்கும் டாக்டருக்கு அதே யுஎஸ்எம்எல்இயின் ஸ்டெப் 3யும் வேண்டும். அதையும் தாண்டி முழு லைசென்ஸே வந்தாலும், அமெரிக்க ரெசிடென்சி இல்லாதவருக்கு போர்டு சர்டிஃபிகேஷன் (லைசென்ஸ் போர்டு தருவது அல்ல, தன் மருத்துவத் துறைக்கான தனிச் சான்று) கிடைப்பது கஷ்டம், அது இல்லாமல் பல மருத்துவமனைகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சேர்த்துக்கொள்ளாது.

யாராவது ஆஃபர் லெட்டர் காட்டினால் அந்த இடத்தின் பெயரை ஏசிஜிஎம்இ தளத்தில் தேடுங்கள், இலவசம்தான். பிறகு இந்த வேலை வழங்குநர் தகுதியானவரா என்று மாநில போர்டுக்கே மின்னஞ்சல் போடுங்கள். "போர்டைத் தொந்தரவு பண்ணாதீங்க, விண்ணப்பம் கெட்டுப்போகும்" என்று ஏஜென்சி தடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

என் கதை இப்போதைக்கு இப்படி: காண்ட்ராக்டில் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறது. கார்டில் கட்டிய தொகைக்கு வங்கியில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்) போட்டிருக்கிறேன், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் எழுதியிருக்கிறேன். கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பியவர்களுக்கு அந்த டிஸ்ப்யூட் வழி அநேகமாகக் கிடையாது. அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில் டெக்சாஸுக்கு ஆள் சேர்க்கிறார்கள்.