போன் கவரில் பசைப் பிசுக்கு: எந்தப் பாட்டில் பசையை எடுக்கிறது, எது கவரையே காலி செய்கிறது

பாப் சாக்கெட் (போனைப் பிடிக்க முதுகில் ஒட்டும் குமிழ்ப் பிடி), காந்த வளையம், விலைச் சீட்டு, லோகோ ஸ்டிக்கர் என்று எதைப் பிய்த்தாலும் கவரின் முதுகில் ஒரு பிசுக்கு நிற்கும். இரண்டே நாளில் பாக்கெட்டில் இருக்கும் பஞ்சையும் தூசியையும் இழுத்துக்கொண்டு அது கறுத்துவிடும். உடனே எல்லோருக்கும் ஞாபகம் வருவது நெயில் பாலிஷ் ரிமூவர். இந்த வேலைக்கு இருப்பதிலேயே மோசமான தேர்வு அதுதான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (கடைப் பேச்சில் ஐபிஏ) ஒரு சின்னப் பாட்டிலும், சமையலறையில் இருக்கும் தேங்காய் எண்ணெயும் போதும். மற்றதெல்லாம் சிறப்புக் கேஸ்களுக்கு, அல்லது தேவையே இல்லை.

எந்தப் பாட்டிலையும் திறப்பதற்கு முன் கவர் எதனால் ஆனது என்று பாருங்கள். வளைத்தால் வளைந்து, விட்டதும் பழையபடி நிமிர்ந்துகொள்வது டிபியு என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக். நகத்தால் தட்டினால் 'டக்'கென்று கேட்கும் கெட்டிக் கவர் பெரும்பாலும் பாலிகார்பனேட். ட்ரான்ஸ்பரன்ட் கவர்களில் பல இரண்டும் சேர்ந்தவை. முதுகு பாலிகார்பனேட், ஓரம் டிபியு. தொட்டால் மெத்தென்று, பளபளப்பில்லாமல், ஒட்டிய தூசியை விடாமல் பிடித்துக்கொள்வது சிலிக்கான். பசை நிற்பது முதுகில் என்பதால் முதுகு எது என்பதே கணக்கு.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் பாலிகார்பனேட். கீழே விழுந்தால் சுலபத்தில் உடையாது, ஆனால் தவறான கரைப்பான் பட்டால் கீழே போடாமலே விரிசல் விடும். அச்சில் வார்க்கும்போதே மூலைகளிலும் கேமரா ஓட்டையைச் சுற்றியும் ஒரு இறுக்கம் உள்ளே தங்கிவிடுகிறது. கரைப்பான் மேல்பரப்பில் ஊறியதும் அந்த இறுக்கம் மயிரிழை விரிசல்களாக வெளியே வரும். சில சமயம் துடைத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை கவரைக் கழற்றும்போது மூலை பிளந்து கையோடு வரும்.

பசையிலும் இரண்டு வகை. பாப் சாக்கெட், நல்ல ஸ்டிக்கர்கள், காந்த வளையத்தின் நுரை டேப் ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக் பசை. நிறம் மாறாமல் தெளிவாக இருக்கும், தேய்த்தால் உருண்டு திரளும். மலிவான டபுள் சைட் டேப்பிலும் பல விலைச் சீட்டுகளிலும் இருப்பது ரப்பர் பசை. நாளாக ஆக மஞ்சளாகும், வெயிலில் இளகும், விரலை வைத்து எடுத்தால் நூல் நூலாக இழுபடும். அக்ரிலிக்குக்கு ஆல்கஹால், ரப்பருக்கு எண்ணெய். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால், பிசுக்கின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், எதிர் ஓரத்தில் ஐபிஏ நனைத்த பஞ்சை வைத்து, காயாமலிருக்க மேலே ஒரு துண்டு பாலித்தீன் கவரைப் போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இரண்டு இடத்தையும் விரலால் தள்ளிப் பார்த்தால் எது நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால், உலர்வாக எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிடுவது நல்லது. பாப் சாக்கெட் இன்னும் ஒட்டியிருந்தால் போனைக் கழற்றி வைத்துவிட்டு, கவருக்கு மட்டும் ஹேர் டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அரை நிமிடம் சூடு காட்டுங்கள். கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. சூடு மிஞ்சினால் டிபியு நெளிந்து, பிறகு போனில் சரியாக உட்காராது. சூடு ஆறுவதற்குள் மீன்பிடி நைலான் நூலையோ பல் இடுக்கு நூலையோ அடியில் கொடுத்து, ரம்பம் இழுப்பதுபோல் இரண்டு பக்கமும் இழுத்தால் பிடி தனியாக வந்துவிடும். மிச்சத்தை விரல் நுனியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உருட்டுங்கள். நல்ல அக்ரிலிக் பசை என்றால் சாம்பல் நிறத் திரிகளாகச் சுருண்டு, ஒரு திரி இன்னொன்றை இழுத்துக்கொண்டு கிளம்பும். வராத மெல்லிய படலத்தின் மேல் ஒரு துண்டு பேக்கிங் டேப்பை அழுத்தி 'சடக்'கென்று பலமுறை பிய்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரும் நன்றாகவே உதவும். பிளேடு வேண்டாம். சுரண்டத்தான் வேண்டுமென்றால் சிம் கார்டைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் அட்டையோ காலாவதியான ஏடிஎம் கார்டோ போதும்.

இனி ஐபிஏ. மெடிக்கல் ஷாப்பில் 70 சதவீதம் கிடைக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்பது பெரும்பாலும் 99க்குப் பக்கம். கரைக்கும் வலு 99க்குக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பசைக்குள் இறங்குவதற்குள் ஆவியாகிவிடும். 70இல் உள்ள தண்ணீர் அதை நின்று நிதானமாக வேலை செய்ய வைக்கிறது, பிளாஸ்டிக்குக்கும் சற்று மென்மை. டிஷ்யூவை நாலாக மடித்துப் பசையின் அளவுக்கு வெட்டி, அரை டீஸ்பூன் ஊற்றி அதன்மேல் போர்த்திவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து எடுத்தால் பசை வெளுத்து ஊதியிருக்கும். அட்டையால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளித் திரட்டி எடுங்கள். பிறகு துடைக்கப் புது டிஷ்யூ. இங்கேதான் பலருடைய வேலை கெடுகிறது: அதே அழுக்கு டிஷ்யூவால் வட்டமாகத் தேய்த்தால் கரைந்த பசை முதுகு முழுக்கப் பரவி, ஒரு ரூபாய் அளவுப் பிசுக்கு உள்ளங்கை அளவாகிவிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் டிஷ்யூவின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி, ஒரே திசையில் துடைக்க வேண்டும். கவரை முழுதாக ஐபிஏவில் ஊறப்போடாதீர்கள். டிபியு உப்பும், பாலிகார்பனேட்டுக்கும் நீண்ட ஊறல் நல்லதல்ல. மேலே படம் அச்சடித்த கவர் என்றால் அச்சு இருக்கும் இடத்திலேயே கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள், மை கிளம்ப வாய்ப்பு உண்டு. ஐபிஏ சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். அடுப்படியில் வேண்டாம், ஈரம் காயும்வரை ஹேர் டிரையரும் வேண்டாம்.

கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் மிச்சம் இருந்தால் ஐபிஏவுக்கு அது ஒரு சுமாரான மாற்று. அதிலும் ஜெல் வகைக்கு ஒரு வசதி: வைத்த இடத்தில் நிற்கும், வளைந்த ஓரத்தில்கூட வழியாது. ஆனால் ஜெல்லைக் கெட்டியாக்கும் பொருளும் கிளிசரினும் பின்னால் ஒரு படலமாகத் தங்கும். "பசை போனது, ஆனா இன்னும் பிசுபிசுக்குது" என்று சொல்பவர்கள் பல நேரம் தொட்டுப் பார்ப்பது அந்தப் படலத்தைத்தான். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் சரி.

தேங்காய் எண்ணெய் மெதுவான ஆள், ஆனால் நம்பலாம். டிபியு, பாலிகார்பனேட் இரண்டையும் கெடுக்காது. கால் டீஸ்பூன் எடுத்துப் பிசுக்கின் மேல் தடவி அரை மணி நேரம் விடுங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும் என்பதால் ஏசி அறையிலோ மார்கழிக் குளிரிலோ லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ரப்பர் பசை எண்ணெயைக் குடித்துப் பிடிப்பை இழந்து கொழகொழவென்று ஆகும், அட்டையால் வழித்து எடுத்துவிடலாம். செக்கு, சுத்திகரித்தது என்ற வித்தியாசம் இதில் ஒன்றும் இல்லை. விலை உயர்ந்த பாட்டிலைத் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் பசையில் மட்டும் எண்ணெய் சறுக்கும்: அரை மணி ஊறிய பிறகும் பசை அப்படியே ரப்பராக நின்றால் துடைத்துவிட்டு ஐபிஏவுக்குப் போங்கள். ஆப்ப சோடாவைச் சமபங்கு கலந்து தேய்க்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. சொரசொரப்பான மேட் கவருக்குப் பரவாயில்லை. பளபளக்கும் ட்ரான்ஸ்பரன்ட் கவரில் அந்தப் பொடி மெல்லிய கீறல்களை விட்டுப் பளபளப்பை மங்கலாக்கும். மேஜிக் ஸ்பாஞ்சுக்கும் இதே எச்சரிக்கை.

நீலகிரி தைலத்தை இந்தப் பட்டியலில் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊட்டிப் பக்கம் போனவர்கள் வாங்கி வந்து ஜலதோஷத்துக்கு மட்டும் வைத்திருக்கும் அதே பாட்டில்தான். அதில் மிகுதியாக இருக்கும் சினியோல் என்ற பொருள் ரப்பர் பசையைத் தேங்காய் எண்ணெயைவிடப் பல மடங்கு வேகமாக இளக்கும், பெரும்பகுதி ஆவியாகியும் போகும். பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு, ஒரு நிமிடம், துடைத்துவிட்டு உடனே சோப்பு. அதற்கு மேல் விட வேண்டாம், பாலிகார்பனேட்டின் பக்கம் கொண்டுபோகவும் வேண்டாம். டிபியுவில் வாசனை சில நாள் தங்கும். மென்தால், கற்பூரம் கலந்த வலித் தைலங்கள் இதற்கு ஆகாது. நீலகிரி தைலத்தைச் சின்னக் குழந்தைகள் விழுங்கினால் ஆபத்து என்பதால் வேலை முடிந்ததும் மூடி எட்டாத இடத்தில் வைக்கவும்.

துரு இளக்கும் ஸ்ப்ரேயான டபிள்யூடி-40 வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் இருக்கும். ரப்பர் பசையை அது எடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் பாலிகார்பனேட்டிலும் தெளிவான பாலிஸ்டைரீனிலும் பயன்படுத்த வேண்டாம் என்று அதைத் தயாரிக்கும் நிறுவனமே சொல்கிறது. கெட்டிக் கவர்களில் பெரும்பாலானவற்றுக்கு அங்கேயே கதவு சாத்தியாகிவிட்டது. சிலிக்கான் கவரும் பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து உப்பும். கூ கான் போன்ற ஆரஞ்சு வாசனைப் பசை நீக்கிகளும் ஏறக்குறைய இதே குடும்பம். ஒரு கவருக்காக ஒரு பாட்டில் வாங்கும் அளவுக்கு அவற்றில் தனிச்சிறப்பு இல்லை. கண்ணாடி, ஸ்டீல் பாத்திரம், பெயின்ட் டப்பா என்று வீட்டில் லேபிள் எடுக்கும் வேலை நிறைய இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நெயில் பாலிஷ் ரிமூவருக்கு வருவோம். அதில் வழக்கமாக இருக்கும் அசிட்டோன் பட்ட பாலிகார்பனேட் கண்ணெதிரே பால் நிறமாக வெளுத்துவிடும். அது கறையல்ல, மேல்பரப்பே கரைந்து மறுபடி இறுகியது. தேய்த்தாலும் பாலிஷ் போட்டாலும் வராது. 'அசிட்டோன் ஃப்ரீ' என்று எழுதியதை நம்பி இறங்காதீர்கள், அவற்றில் பலவற்றில் இருக்கும் எத்தில் அசிட்டேட்டும் பாலிகார்பனேட்டைத் தாக்கும். பெட்ரோல், பெயின்ட் தின்னர் பற்றிப் பேசவே வேண்டாம். தீ அபாயமும் நச்சு ஆவியும் ஒரு பிளாஸ்டிக் கவருக்காக விலைகொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. டிஸ்பிளே மாற்றும் கடைகளில் கண்ணாடிப் பசையைக் கரைக்க வைத்திருக்கும் திரவமும் கவருக்கானது அல்ல. ஃபெவிக்விக் காய்ந்து கெட்டித்த இடத்தைக் கரைப்பது அசிட்டோன்தான், அதனால் பிளாஸ்டிக் கவரில் அதை அப்படியே விட்டுவிடுவதே லாபம். ஹாட் குளூவில் மணி ஒட்டிய கவர் என்றால் ஓரத்தில் ஐபிஏ இரண்டு சொட்டு விட்டாலே பிடிப்பு விட்டு முழுத் துண்டாகக் கிளம்பும்.

லெதர், ரெக்ஸின் ஃபிளிப் கவர்களுக்குத் திரவமே வேண்டாம். ஐபிஏ சாயத்தையும் மேல்பூச்சையும் எடுக்கும், எண்ணெய் கறை போடும். டேப், ரப்பர், பொறுமை. கடைசியில் மிஞ்சும் ஒட்டலில் முகப் பவுடரைத் தூவித் தட்டிவிட்டால் குறைந்தது தூசி சேராது.

இன்னொரு கேஸ்: ஸ்டிக்கரே ஒட்டாத கவர், முதுகு முழுவதும் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. அது பசையே அல்ல. வெல்வெட் தொடுகைக்காகப் போட்ட பாலியூரித்தேன் பூச்சு, காற்றின் ஈரத்தில் சிதைந்து இளகுவது. கடலோர ஊர்களில் இது சீக்கிரம் வரும். சோப்பு போட்டுக் கழுவினால் ஒரு நாள் நன்றாக இருந்து மறுநாள் மறுபடி ஒட்டும். ஐபிஏவால் பூச்சை முழுவதும் துடைத்து எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் வெறும் பிளாஸ்டிக் சுத்தமாக வந்துவிடும். லோகோவும் நிறமும் அதோடு போகும். பாதி எடுத்துப் பாதி விட்டால் சொறி பிடித்ததாகத் தெரியும் என்பதால் தொடங்கினால் முழுவதும் முடித்துவிடுங்கள். ட்ரான்ஸ்பரன்ட் டிபியுவின் மஞ்சள் நிறத்தை மட்டும் இதில் எதுவும் எடுக்காது. அது பிளாஸ்டிக்கே மாறிய நிறம்.

எந்த வழியில் எடுத்தாலும் கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, உள்ளும் புறமும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய் வைத்திருந்தால் இரண்டு முறை. புதிய பாப் சாக்கெட் ஒட்டுவதாக இருந்தால், கவர் நன்றாகக் காய்ந்தபின் ஒட்டும் இடத்தை மட்டும் ஐபிஏவால் ஒரு முறை துடைத்து, ஐந்து நிமிடம் விட்டு ஒட்டவும். எண்ணெய்ப் படலத்தின் மேல் ஒட்டினால் போனோடு கழன்று விழும். சிலிக்கான் கவர் என்றால் அந்த வேலையும் வேண்டாம், சாதாரணப் பசை எதுவும் அதில் பிடிக்காது.