கோரல் ஐலேண்டா, கோ சி சாங்கா? தாய்லாந்தில் ஒரு நாள் தீவுப் பயணம்

பாங்காக்–பட்டாயா பேக்கேஜ் எதை எடுத்துப் பார்த்தாலும் நடுவில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'கோரல் ஐலேண்ட் டூர், இந்திய மதிய உணவுடன்.' அந்தத் தீவின் உண்மைப் பெயர் கோ லான். அதே கரையோரமாக வடக்கே 30 கிலோமீட்டர் போனால் சி ராச்சா என்ற துறைமுக ஊர் வரும். அதற்கு எதிரே கடலில் கிடப்பது கோ சி சாங். நம்மூர் ஏஜென்டுகளின் பட்டியலில் இந்தப் பெயரைப் பார்ப்பது அபூர்வம். கிழக்கே இன்னும் தள்ளி, ரயோங் மாகாணத்தில் கோ சமெட் இருக்கிறது. மூன்றுமே ஒரு நாளில் போய்வரக் கூடியவை என்று சொல்லப்படுபவைதான். கையில் இருப்பது ஒரே நாள், கடலும் மலையும் பார்க்க வேண்டும், அந்த மண்ணின் பழைய கதையும் கொஞ்சம் தெரிய வேண்டும் என்றால் எதற்குப் போவது? என் ஓட்டு கோ சி சாங்குக்கு. ஆனால் குடும்பத்தில் எல்லோரும் அதை ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன்.

சமெட்டை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். மணல் வெள்ளை வெளேரென்று இருக்கும், தண்ணீரும் மற்ற இரண்டையும்விடத் தெளிவு. தாய்லாந்தின் பெருங்கவி சுந்தோன் பூவின் காவியத்தோடு இந்தத் தீவைச் சேர்த்துப் பேசுவார்கள். கடற்கரையில் அதன் நாயகனுக்கும் கடற்கன்னிக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். ஆனால் பாங்காக்கிலிருந்து பான் பே படகுத்துறை சுமார் 200 கிலோமீட்டர். போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி, இடையில் படகு. தேசியப் பூங்கா என்பதால் வெளிநாட்டவருக்குத் தனியாக நுழைவுக் கட்டணமும் உண்டு. இரண்டு நாள் தங்குவதற்கு அருமையான இடம். ஒரே நாளில் ஓடி வருவதற்கு இல்லை.

ஆகவே போட்டி கோ லானுக்கும் கோ சி சாங்குக்கும்தான்.

கோ லானைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தத் தீவைப் பார்க்கவில்லை, பேக்கேஜைத்தான் பார்த்திருக்கிறார்கள். காலையில் ஸ்பீடு போட்டில் ஏற்றுவார்கள். நடுக்கடலில் ஒரு மிதவை மேடையில் நிறுத்தி, பாராசெய்லிங் போகிறீர்களா என்பார்கள். அடுத்து 'சீ வாக்', தலைக்குக் கவசம் மாட்டிக் கடலடியில் நடப்பது. எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு. வேண்டாம் என்றால் மற்றவர்கள் முடிக்கும் வரை அந்த மேடையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் தாவேன் கடற்கரையில் இறக்கிவிட்டு, சாய்வு நாற்காலிக்கு ஒரு வாடகை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் கரைக்குத் திருப்பிக் கூட்டி வந்துவிடுவார்கள். தீவைப் பார்த்ததாகக் கணக்கு.

அதே தீவுக்குப் பட்டாயாவின் பாலி ஹாய் படகுத்துறையிலிருந்து சாதாரணப் பயணிகள் படகு போகிறது. முக்கால் மணி நேரம், கட்டணம் 30 பாத் வாக்கில்தான். உள்ளூர்க்காரர்கள் மளிகைச் சாமானோடு ஏறும் படகு அது. தீவில் இறங்கி ஒரு ஸ்கூட்டரோ, பலர் சேர்ந்து ஏறும் பிக்கப் வண்டியோ பிடித்துக்கொண்டு, தாவேனை விட்டுவிட்டு சமே, தியென், நுவால் கடற்கரைகள் பக்கம் போனால் கோ லான் வேறு தீவாகத் தெரியும். சமே கடற்கரைக்கு மேலே குன்றில் ஏறி நின்றால், ஒரு பக்கம் பச்சை நீலத் தண்ணீர், எதிர்ப்பக்கம் பட்டாயாவின் அடுக்குமாடி வரிசை. குளிக்க, நீந்த, குழந்தைகளை மணலில் விட இதைவிட வசதியான இடம் பாங்காக் அருகில் கிடைக்காது. சரித்திரம் என்று கேட்டால்தான் கை விரிக்கும். மீனவர் கிராமமாக இருந்தது, இன்று சுற்றுலாத் தீவு. சொல்ல அவ்வளவுதான்.

கோ சி சாங்கின் நிலைமை இதற்கு நேர் எதிர். பாங்காக்கின் சாவ் பிரயா ஆறு கடலில் சேரும் இடத்தில் பெரிய மணல்திட்டு உண்டு. பாரம் ஏற்றிய பெரிய கப்பல்கள் அதைத் தாண்டி உள்ளே வர முடியாது. அதனால் அந்தக் காலத்திலிருந்தே அவை இந்தத் தீவின் மறைவில் நங்கூரமிட்டன. அரிசியும் தேக்கும் சிறு படகுகளில் வந்து இங்கே ஏறின. 1822இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக சயாமுக்கு (தாய்லாந்தின் பழைய பெயர்) வந்த ஜான் கிராஃபர்டும் இந்தத் தீவில் தங்கிப் போயிருக்கிறார். இன்றும் அதே காட்சிதான். சி ராச்சாவின் கோ லாய் துறையிலிருந்து கிளம்பும் படகு, வரிசையாக நிற்கும் சரக்குக் கப்பல்களுக்கும் அவற்றைச் சுற்றி மொய்க்கும் பார்ஜு எனும் தட்டையான சரக்குப் படகுகளுக்கும் நடுவே நுழைந்துதான் தீவை அடைகிறது. கப்பல் பிடிக்கும் என்றால் இந்த முக்கால் மணி நேரத்துக்கே கொடுத்த காசு செரித்துவிடும்.

தீவின் நல்ல காற்றுக்காக சயாம் அரச குடும்பம் இங்கே வந்து தங்கும். ஐந்தாம் ராமாவான சுலலாங்கோர்ன் மன்னர் உடல் தேறுபவர்களுக்காக மூன்று கட்டடங்கள் எழுப்பி, தன் அரசிகளின் பெயரையே வைத்தார்: வத்தனா, போங்சி, அபிரோம். 1892இல் இங்கே அவருக்கு ஒரு மகன் பிறக்க, கட்டிக்கொண்டிருந்த கோடை அரண்மனைக்கு அந்த இளவரசன் பெயரால் ஜுதாதுத் அரண்மனை என்று பெயரானது. மறு வருடமே எல்லாம் தலைகீழ். லாவோஸ் யாருக்கு என்ற தகராறில் 1893 ஜூலையில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் சுட்டுக்கொண்டே சாவ் பிரயாவுக்குள் நுழைந்தன, கடற்கரை முற்றுகையிடப்பட்டது, இந்தத் தீவும் பிரெஞ்சுக்காரர் கையில் போனது. அக்டோபரில் மீகோங் ஆற்றின் கிழக்குக் கரை முழுவதையும் விட்டுக்கொடுத்து சயாம் ஒப்பந்தம் போட்டது. அரண்மனை வேலை அப்படியே நின்றுவிட்டது. 1900இல் இங்கிருந்த தேக்கு மாளிகை ஒன்றைப் பிரித்து பாங்காக்குக்கு எடுத்துப் போய் மறுபடி நிறுத்தினார்கள். துசித் அரண்மனை வளாகத்தின் புகழ்பெற்ற விமான்மேக் மாளிகை அதுதான். அது நின்ற இடத்தில் இன்று அடித்தளம் மட்டுமே.

ஆக, இங்கே தங்க முலாமும் சிம்மாசனமும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாங்காக் பெரிய அரண்மனையின் பகட்டில் பத்தில் ஒரு பங்கு கிடையாது. கடலோரமாக வெளிர்பச்சை மர வீடு ஒன்று, கடலுக்குள் நீளும் வெள்ளை மரப் பாலம், மரங்களுக்கு நடுவே படிக்கட்டுகள், மேலே ஐரோப்பியச் சாயல் கலந்த வட்டமான வெள்ளைக் கோயில். கட்டடங்களுக்குள் சிறு காட்சிக்கூடங்கள் உண்டு. சுலலாங்கோர்ன் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்கிறது. சயாம் காலனியாகாமல் தப்பியது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தப்பித்தலுக்குக் கொடுத்த விலையை நின்று யோசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் தாய்லாந்தில் குறைவு.

இயற்கைக் காட்சியிலும் சி சாங் சளைத்ததில்லை. கடற்கரை என்ற ஒரு விஷயத்தைத் தவிர. மேற்கே சோங் காவ் காத் என்ற பாறைச் சரிவில், கடலுக்கு மேலே மர நடைபாதை போட்டிருக்கிறார்கள். மாலை வெயிலுக்கு அங்கே போக வேண்டும். கிழக்கே மலைமேல் சாவ் போ காவ் யாய் என்ற சீனக் கோயில், குகையோடு சேர்ந்தது. சீனப் புத்தாண்டுச் சமயம் கால் வைக்க இடமிருக்காது. அங்கிருந்து இன்னும் படியேறினால் புத்தர் பாத மண்டபம்; கீழே ஊர், துறைமுகம், கப்பல் கூட்டம் எல்லாம் ஒரே பார்வையில். முட்டி வலிக்காரர்கள் படி எண்ணிக்கையை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. குளிக்க உருப்படியாக இருப்பது தாம் பாங் கடற்கரை ஒன்றுதான். இத்தனை கப்பல் நிற்கிற கடலில் தண்ணீர் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். சில நாள் குப்பையும் ஒதுங்கும். நீச்சல்தான் முக்கியம் என்பவர்கள் பேசாமல் கோ லானுக்குப் போகலாம்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. சி சாங் படகு ஒரு வழிக்கு 50 பாத் வாக்கில். தீவைச் சுற்ற 'ஸ்கைலேப்' என்கிற மூன்று சக்கர வண்டி இருக்கிறது, நம் ஆட்டோவுக்கு மூத்த அண்ணன் மாதிரி. முக்கிய இடங்களுக்கு ஒரு சுற்று என்று மொத்தமாகப் பேசிக்கொண்டால் தலைக்கு அதிகம் ஆகாது. பாங்காக்கின் எக்கமாய் பேருந்து நிலையத்திலிருந்து சி ராச்சா இரண்டு மணி நேரம். பட்டாயாவிலிருந்து என்றால் ஒரு மணி நேரத்துக்குள். இரண்டு தீவிலும் கடைசிப் படகு எப்போது என்பதை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டில் கோ லான் பேக்கேஜ் ஜெயிக்கும். சப்பாத்தி, தால், சாதம் என்று தட்டில் வந்துவிடும். சி சாங்கில் மீனும் இறாலும் நண்டும் சாப்பிடுபவர்களுக்குக் கொண்டாட்டம். சைவக்காரர்கள் தாய் மொழியில் சைவச் சாப்பாட்டைக் குறிக்கும் 'ஜே' என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்; கடைக்காரருக்குப் புரியும், சமைத்துத் தருவாரா என்பது வேறு. கையில் கொஞ்சம் பழமும் பிஸ்கெட்டும் எடுத்துப் போவது நிம்மதி.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இரண்டுக்கும் நல்ல காலம். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். சனி, ஞாயிறு உள்ளூர்க் கூட்டம் இரண்டிலும் நிரம்பும், கோ லானில் கொஞ்சம் கூடுதலாகவே. வார நாள்தான் நல்லது, அதிலும் செவ்வாயிலிருந்து. அரண்மனைக் காட்சிக்கூடங்களுக்குத் திங்கள் விடுமுறை. உங்களுக்குக் கிடைத்தது திங்கட்கிழமைதான் என்றால், நீச்சல் உடையை எடுத்துக்கொண்டு பாலி ஹாய்க்குப் போய் அந்த 30 பாத் படகில் ஏறிவிடுங்கள்.